அமெரிக்காவின் முதல் காங்கிரஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களோடு அமெரிக்க அரசியலமைப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம், அதன் தொடக்க காலம் குறித்து ஒரே மாதிரியான சந்தேகங்கள் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். காலம் 1789 முதல் 1801 வரை. காங்கிரஸ் என்று வரும் இடத்திலெல்லாம் அந்த நாட்டின் நாடாளுமன்றம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை ஏன் இவ்வளவு கவனமாகப் படிக்க வேண்டும் என்றால், சட்டப் புத்தகத்தில் எழுதியிருந்தது கொஞ்சம்தான். எழுதாமல் விட்டதையெல்லாம் அந்த முதல் உறுப்பினர்கள் வாதாடியும் வாக்கெடுத்தும், சில நேரம் தற்செயலாகவும் முடிவு செய்தார்கள்.

1776-லேயே சுதந்திரம் அறிவிச்சுட்டாங்களே, அப்புறம் 1789-ல கூடினதை ஏன் "முதல் காங்கிரஸ்"னு சொல்றாங்க?

1774-இலேயே ஃபிலடெல்ஃபியாவில் ஒரு காங்கிரஸ் கூடிவிட்டது. ஆனால் அதை மாநிலங்கள் அனுப்பிய தூதர்களின் கூட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே அவை. பெரிய மாநிலமோ சிறிய மாநிலமோ, மாநிலத்துக்கு ஒரு வாக்கு. 1781-இல் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு விதிகளின்படி, அனுப்பிய மாநிலம் தன் ஆளை எப்போது வேண்டுமானாலும் திரும்ப அழைக்கலாம். ஆறு ஆண்டுகளில் மூன்று ஆண்டுக்கு மேல் ஒருவர் உறுப்பினராக இருக்கவும் முடியாது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, வரி போடும் அதிகாரம் அதற்கு இல்லை. பணம் வேண்டுமென்றால் மாநிலங்களிடம் கேட்கலாம், கொடுத்தால் உண்டு.

1787-இல் எழுதப்பட்ட புதிய அரசியலமைப்புச் சட்டத்தை 1788 ஜூனில் ஒன்பதாவது மாநிலமாக நியூ ஹாம்ப்ஷயர் ஏற்றுக்கொண்டதும் அது செல்லுபடியானது. அதன்படி பிரதிநிதிகள் சபை, செனட் என்ற இரண்டு அவைகளோடு 1789 மார்ச் 4 அன்று நியூயார்க் நகரின் ஃபெடரல் ஹாலில் தொடங்கியதுதான் முதல் காங்கிரஸ். இரண்டு ஆண்டுக்கு ஒன்று என்ற கணக்கு அங்கிருந்துதான் இன்றுவரை ஓடுகிறது.

மொத்தம் எத்தனை உறுப்பினர்கள்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கும்வரை பிரதிநிதிகள் சபைக்கு 65 இடங்கள் என்று அரசியலமைப்பே ஒதுக்கிவிட்டது. வர்ஜீனியாவுக்கு 10, மாசசூசெட்ஸுக்கும் பென்சில்வேனியாவுக்கும் தலா 8, டெலவேருக்கும் ரோட் ஐலண்டுக்கும் தலா ஒன்று. செனட்டில் மாநிலத்துக்கு இருவர். தொடக்கத்தில் வட கரோலினாவும் ரோட் ஐலண்டும் புதிய சட்டத்தை ஏற்கவில்லை. எனவே மீதி 11 மாநிலங்களுக்கு 59 பிரதிநிதிகள், 22 செனட்டர்கள். வட கரோலினா 1789 நவம்பரிலும் ரோட் ஐலண்ட் 1790 மே மாதத்திலும் சேர்ந்த பிறகு 65, 26 என்று முழு எண்ணிக்கை ஆனது.

1790 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 39 லட்சத்துக்கு மேல் வந்தது. அதற்கேற்ப இடங்களைப் பிரித்த முதல் மசோதா 120 உறுப்பினர்கள் என்றது. 30,000 பேருக்கு ஒருவருக்கு மேல் கூடாது என்ற வரம்பை அது சில மாநிலங்களில் மீறுகிறது என்று அதிபர் வாஷிங்டன் 1792 ஏப்ரல் 5 அன்று திருப்பி அனுப்பினார். அமெரிக்க அதிபர் ஒருவர் பயன்படுத்திய முதல் வீட்டோ அதுதான். பிறகு 33,000 பேருக்கு ஒருவர் என்று வைத்து 105 இடங்கள் ஆயின.

தேர்தல்ல நிக்க என்ன தகுதி? சொத்து இருக்கணுமா?

பிரதிநிதிக்கு வயது 25, குடியுரிமை பெற்று 7 ஆண்டு. செனட்டருக்கு வயது 30, குடியுரிமை 9 ஆண்டு. தேர்ந்தெடுக்கும் மாநிலத்தில் குடியிருக்க வேண்டும். அவ்வளவுதான். சொத்துத் தகுதி இல்லை. மதச் சோதனை எந்தப் பதவிக்கும் கூடாது என்று அரசியலமைப்பே தடுத்துவிட்டது. பல மாநிலச் சட்டங்கள் அப்போது இரண்டையும் கேட்டன என்பதை நினைத்தால் இது பெரிய துணிச்சல்.

அப்போ ஓட்டு எல்லாருக்கும் இருந்துச்சா?

இல்லை. மாநிலச் சட்டமன்றத்தின் பெரிய அவைக்கு யார் வாக்களிக்கலாமோ, அவர்களே பிரதிநிதிகள் சபைக்கும் வாக்களிக்கலாம் என்று அரசியலமைப்பு மாநிலங்களின் கையில் விட்டது. நடைமுறையில் பெரும்பாலும் சொத்து வைத்திருந்த அல்லது வரி கட்டிய வெள்ளை ஆண்கள். நியூ ஜெர்சியில் மட்டும் 50 பவுண்டு சொத்துள்ள பெண்களும் வாக்களித்தார்கள். 1807-இல் அந்த உரிமையைப் பறித்துவிட்டார்கள்.

தேர்தல் முறையும் மாநிலத்துக்கு மாநிலம் மாறியது. முதல் தேர்தலில் பென்சில்வேனியா மாநிலம் முழுவதையும் ஒரே தொகுதியாக வைத்தது. வர்ஜீனியா தொகுதிகளாகப் பிரித்தது. அங்கேதான் 1789 பிப்ரவரியில் ஜேம்ஸ் மேடிசனும் ஜேம்ஸ் மன்றோவும் நேருக்கு நேர் மோதினார்கள். பின்னாளில் இருவருமே அதிபர் ஆனவர்கள். 1308-க்கு 972 என்று மேடிசன் வென்றார்.

செனட்டர்களை மக்கள் தேர்ந்தெடுக்கவே இல்லை. மாநிலச் சட்டமன்றங்கள்தான் தேர்ந்தெடுத்தன. 1913-இல் 17-ஆவது திருத்தம் வரும்வரை இதே முறை. இதில் ஒரு சிக்கலும் இருந்தது. நியூயார்க் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று இழுபறியில் நின்றதால், காங்கிரஸ் கூடியதே அந்த ஊரில் என்றாலும் 1789 ஜூலை வரை அந்த மாநிலத்துக்கு செனட்டர் இல்லை.

மார்ச் 4-ல தொடங்கினா வாஷிங்டன் ஏன் ஏப்ரல் 30-ல பதவியேத்தார்?

கோரம் இல்லை. அவை நடக்கப் பாதிக்கு மேல் உறுப்பினர்கள் வந்திருக்க வேண்டும். மார்ச் 4 அன்று வந்தவர்கள் 8 செனட்டர்கள், 13 பிரதிநிதிகள். வந்த செனட்டர்கள் மார்ச் 11 அன்று வராதவர்களுக்குக் கடிதம் எழுதி வரச்சொல்லிக் கேட்டார்கள். குளிர்காலச் சாலைகள், படகுப் பயணம், சில மாநிலங்களில் முடியாத தேர்தல், எல்லாம் சேர்ந்து இழுத்துவிட்டது. பிரதிநிதிகள் சபைக்கு ஏப்ரல் 1 அன்றுதான் 30 பேர் சேர்ந்தார்கள். ஏப்ரல் 6 அன்று வர்ஜீனியாவின் ரிச்சர்ட் ஹென்றி லீ வந்து பன்னிரண்டாவது செனட்டரானதும் செனட்டும் கூடியது.

அதிபர் தேர்தலின் வாக்குகளை இரண்டு அவைகளின் முன்னிலையில்தான் திறந்து எண்ண முடியும் என்பதால் அதுவரை யார் அதிபர் என்றே முறைப்படி அறிவிக்க முடியவில்லை. அன்றே எண்ணினார்கள்: அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் நியமித்த எலெக்டர்களில் வாக்களித்த 69 பேரும் வாஷிங்டனுக்கு. அந்தச் செய்தி அவர் வீடு இருந்த மவுண்ட் வெர்னனுக்கு ஏப்ரல் 14 அன்று போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து அவர் கிளம்பி வரவேண்டும்.

முதல் சபாநாயகர் யார்? இப்போ இருக்கிற மாதிரி கட்சித் தலைவரா?

பென்சில்வேனியாவின் ஃபிரெடரிக் மூலன்பெர்க். லூத்தரன் போதகராக இருந்து அரசியலுக்கு வந்தவர். அப்போது வயது 39. அவருடைய அண்ணன் பீட்டரும் அதே அவையில் உறுப்பினர். நம் ஊர் வரலாறு படித்தவர்களுக்கு இதில் ஒரு தொடர்பு உண்டு. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு படித்ததும், ஃபிரெடரிக்கைச் சிறுவயதில் படிக்க அனுப்பியதும் ஜெர்மனியின் ஹாலே நகருக்குத்தான். ஃபிரெடரிக்கின் தந்தை பென்சில்வேனியாவுக்கு வந்ததும் ஹாலே அனுப்பிய போதகராகத்தான்.

அன்றைய சபாநாயகர் அவையை ஒழுங்காக நடத்தும் நடுவர். கட்சியே இன்னும் உருவாகவில்லை. நிதித்துறைச் செயலர் ஹாமில்டனின் நிதித் திட்டங்களை ஆதரித்தவர்கள், எதிர்த்தவர்கள் என்று மெல்லப் பிரிந்துதான் பிறகு ஃபெடரலிஸ்ட், ரிபப்ளிகன் என்ற இரண்டு அணிகள் ஆயின.

சம்பளம் எவ்வளவு வாங்கினாங்க?

மாதச் சம்பளம் கிடையாது. அவை நடக்கும் நாளுக்கு 6 டாலர் தினப்படி. பயணப்படியாக 20 மைலுக்கு 6 டாலர். சபாநாயகருக்கு 12 டாலர். செனட்டர்கள் தங்களுக்கு அதிகம் வேண்டும் என்று கேட்டு, 1795-இலிருந்து 7 டாலர் என்று சமரசம் ஆனது. 1816-இல் ஆண்டுக்கு 1500 டாலர் என்று மாற்றிப் பார்த்தார்கள். மக்கள் கொதித்துப் போய் அடுத்த தேர்தலில் ஏராளமானவர்களை வீட்டுக்கு அனுப்பியதும் அந்தச் சட்டத்தைக் கைவிட்டார்கள்.

நம்ம ஊர்ல எம்.பி.தான் அமைச்சர் ஆவார். அங்கே?

அங்கே நேர் எதிர். மத்திய அரசின் பதவியில் இருப்பவர் காங்கிரஸ் உறுப்பினராக இருக்க முடியாது. அமைச்சராகப் போனால் இடத்தை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஆனால் அமைச்சர் அவைக்கு வந்து பேசலாமா என்பதை அரசியலமைப்பு சொல்லவில்லை. 1790 ஜனவரியில் நிதித்துறைச் செயலர் ஹாமில்டன் பொதுக்கடன் அறிக்கையோடு தயாராக இருந்தார். நேரில் வருவதா, எழுத்தில் தருவதா என்று விவாதித்து, எழுத்தில் தரட்டும் என்று சபை முடிவு செய்தது. அந்த ஒரு முடிவுக்குப் பிறகு, அமைச்சர் அவைக்குள் எழுந்து நின்று பதில் சொல்லும் பழக்கம் அமெரிக்காவில் வளரவே இல்லை. எனக்கு இந்தக் காலகட்டத்திலேயே மிக முக்கியமான முடிவுகளில் ஒன்றாக இது தெரிகிறது.

கமிட்டி எல்லாம் அப்பவே இருந்துச்சா?

இருந்தது, ஆனால் நிலைக்குழு மிகக் குறைவு. பெரிய விஷயம் எதுவானாலும் முதலில் முழுச் சபையும் ஒரு குழுவாக உட்காரும். சபாநாயகர் இருக்கையை விட்டு இறங்கி, வேறொரு உறுப்பினர் தலைமை தாங்குவார். பேச்சுக்கான கட்டுப்பாடு தளர்ந்திருக்கும். கொள்கை முடிவான பிறகு, மசோதாவை எழுத ஒரு சிறு குழுவை அமைத்து, வேலை முடிந்ததும் கலைத்துவிடுவார்கள். தேர்தல் தகராறுகளைப் பார்க்கும் குழு மட்டும் 1789 ஏப்ரலிலேயே நிலையாக அமைந்தது. இன்று பெரிதாகப் பேசப்படும் வரி, வருவாய்க் குழு 1802-இல்தான் நிலைக்குழு ஆனது.

செனட் ரகசியமா நடந்துச்சுன்னு படிச்சேன். உண்மையா?

உண்மை. பிரதிநிதிகள் சபை 1789 ஏப்ரலிலேயே பார்வையாளர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. பத்திரிகைகளில் விவாதங்கள் வந்தன. செனட் கதவை மூடிக்கொண்டுதான் பேசியது. 1794 பிப்ரவரியில் மனம் மாறி, 1795 டிசம்பரில்தான் மாடத்தில் மக்களை உட்காரவிட்டார்கள். அதனால் முதல் செனட்டில் நடந்ததைப் பெரும்பாலும் பென்சில்வேனியா செனட்டர் வில்லியம் மெக்லேயின் நாட்குறிப்பிலிருந்துதான் தெரிந்துகொள்கிறோம். அவர் கோபக்காரர், துணை அதிபர் ஆடம்ஸைப் பிடிக்காதவர். அதை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

செனட்டருக்கு ஆறு வருஷம்னா, முதல் செனட்டர்கள் சிலர் ரெண்டே வருஷத்துல போனது எப்படி?

சீட்டுக் குலுக்கல். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு இடங்கள் தேர்தலுக்கு வரவேண்டும் என்பது விதி. எனவே முதல் செனட்டர்களை, ஒரே மாநிலத்தின் இருவர் ஒரே பிரிவில் வராதபடி, மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். 1789 மே 15 அன்று பிரிவுக்கு ஒருவர் வந்து சீட்டு எடுத்தார். டால்டன் எடுத்த சீட்டால் அவர் பிரிவுக்கு 2 ஆண்டு, விங்கேட்டுக்கு 4, லாங்டனுக்கு 6.

மேலே சொன்னபடி தாமதமாக வந்த நியூயார்க் செனட்டர்களும் பிறகு சீட்டு எடுத்தார்கள். ரூஃபஸ் கிங்குக்கு நீண்ட காலம் விழுந்தது. ஹாமில்டனின் மாமனார் ஃபிலிப் ஸ்கைலருக்குக் குறுகிய காலம். 1791-இல் அந்த இடத்தை அவரிடமிருந்து ஆரன் பர் பறித்தார். ஹாமில்டனுக்கும் பர்ருக்கும் இடையே அமெரிக்க அரசியலின் பெரும் பகை ஒன்று அங்கிருந்து வளர்ந்தது.

ஒப்பந்தத்துக்கு செனட்டின் "ஆலோசனையும் ஒப்புதலும்" வேணும்னு இருக்கே, அதிபர் நேர்ல வந்து ஆலோசனை கேட்பாரா?

ஒருமுறை கேட்டுப் பார்த்தார். 1789 ஆகஸ்ட் 22, சனிக்கிழமை. தெற்கே க்ரீக் உள்ளிட்ட பூர்வகுடிகளோடு செய்யவேண்டிய ஒப்பந்தம் பற்றி, போர்த்துறைச் செயலர் நாக்ஸை அழைத்துக்கொண்டு வாஷிங்டன் செனட்டுக்கு வந்தார். ஆடம்ஸ் அறிக்கையை வாசித்தார். தெருவில் போன வண்டிகளின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. சன்னல்களை மூடிவிட்டு மறுபடி வாசித்தார்கள். பிறகு முதல் கேள்வி: ஒப்புக்கொள்கிறீர்களா? அவை அமைதியாக இருந்தது. மெக்லே எழுந்து, சம்பந்தப்பட்ட பழைய ஒப்பந்தங்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ராபர்ட் மோரிஸ் இதை ஒரு குழுவுக்கு அனுப்பலாம் என்றார். வாஷிங்டன் சட்டென்று எழுந்து, தான் நேரில் வந்ததற்கே அர்த்தம் இல்லாமல் போகிறது என்று கோபப்பட்டதாக மெக்லே எழுதியிருக்கிறார்.

திங்கள்கிழமை திரும்பி வந்து அமைதியாக வேலையை முடித்தார். ஆனால் ஒப்பந்தம் பற்றி ஆலோசனை கேட்க அதற்குப் பிறகு அவர் செனட்டுக்கு வரவில்லை, எல்லாம் எழுத்தில்தான். வாஷிங்டன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது கேள்வி கேட்பது எத்தனை கடினம்! மெக்லேயை அன்று பாராட்டத்தான் தோன்றுகிறது.

ஜெயிச்சு வந்தவரை "நீ உறுப்பினரே இல்லை"னு சொன்னது உண்டா?

உண்டு. ஒவ்வொரு அவையும் தன் உறுப்பினரின் தகுதியைத் தானே தீர்மானிக்கும். தென் கரோலினாவின் வில்லியம் ஸ்மித் சுதந்திரப் போர்க்காலம் முழுவதும் வெளிநாட்டில் இருந்தவர், ஏழு ஆண்டு குடியுரிமை இல்லை என்று அவரிடம் தோற்ற டேவிட் ராம்சே மனு கொடுத்தார். 1789 மே 22 அன்று 36-க்கு 1 என்ற வாக்கில் ஸ்மித் தகுதியானவர் என்று சபை முடிவு செய்தது.

ஆல்பர்ட் கேலட்டினுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஜெனீவாவில் பிறந்தவர். ஒன்பது ஆண்டு நிறையவில்லை என்று 1794 பிப்ரவரி 28 அன்று 14-க்கு 12 வாக்கில் செனட் அவரை வெளியேற்றியது. அந்த விசாரணையை மட்டும் கதவைத் திறந்துவைத்து நடத்தினார்கள். மூடிய செனட் திறக்க இதுவும் ஒரு காரணம். கேலட்டின் பிறகு பிரதிநிதிகள் சபைக்கு வந்து, ஜெஃபர்சன் அதிபராக இருந்த காலத்தில் நிதித்துறைச் செயலரும் ஆனார்.

சபையில அடிதடி நடந்தா உறுப்பினரை நீக்கிட மாட்டாங்களா?

நீக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 1798 ஜனவரியில் வெர்மான்ட்டின் மேத்யூ லயன், தன் போர்க்காலப் பெயரைக் கேவலப்படுத்திய ரோஜர் கிரிஸ்வோல்ட் முகத்தில் துப்பினார். நீக்கும் தீர்மானத்துக்கு 52 பேர் ஆதரவு, 44 பேர் எதிர்ப்பு, போதவில்லை. சில நாளில் கிரிஸ்வோல்ட் கைத்தடியோடு சபைக்குள்ளேயே தாக்க, லயன் கணப்படுப்பின் இடுக்கியை எடுத்துக்கொண்டார். இருவருமே தப்பினார்கள். அதே ஆண்டு தேசத்துரோக எழுத்துச் சட்டத்தில் லயனுக்கு நான்கு மாதச் சிறை. சிறையில் இருந்தபடியே மறுபடி ஜெயித்தார்.

அதிபரை காங்கிரஸே தேர்ந்தெடுத்ததுண்டா?

1801-இல். ஜெஃபர்சனுக்கும் பர்ருக்கும் தலா 73 எலெக்டர் வாக்குகள் வந்ததால் முடிவு பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்கு. 16 மாநிலங்களில் 9 வேண்டும். பிப்ரவரி 11 முதல் 17 வரை 36 முறை வாக்கெடுத்தார்கள். ஒரே உறுப்பினர் என்பதால் டெலவேரின் ஜேம்ஸ் பேயார்டின் கையில் ஒரு மாநிலமே இருந்தது. கடைசிச் சுற்றில் அவர் வெற்றுச் சீட்டுப் போட்டார். வெர்மான்ட்டின் இன்னொரு உறுப்பினர் ஒதுங்கிக்கொள்ள, மேலே சொன்ன லயனின் வாக்கால் அந்த மாநிலம் ஜெஃபர்சனுக்குப் போனது. இது மறுபடி நேராதபடி 1804-இல் 12-ஆவது திருத்தம் வந்தது.

முதல் காங்கிரஸ் 12 திருத்தம் அனுப்புச்சாமே, 10 தானே படிக்கிறோம்?

மேடிசன் 1789 ஜூன் 8 அன்று முன்மொழிந்தவற்றைச் சீர்செய்து, செப்டம்பரில் 12 திருத்தங்களை மாநிலங்களுக்கு அனுப்பினார்கள். 1791 டிசம்பர் 15 அன்று அவற்றில் 10 நிறைவேறின. விட்டுப்போன இரண்டில் ஒன்று, உறுப்பினர்கள் உயர்த்திக்கொள்ளும் ஊதியம் அடுத்த தேர்தலுக்குப் பிறகே நடைமுறைக்கு வரவேண்டும் என்பது. கால வரம்பு வைக்காததால் அது 1992-இல் 27-ஆவது திருத்தமாக நிறைவேறியது. இடங்களின் எண்ணிக்கை பற்றிய மற்றொன்று இன்னும் நிலுவையில் இருக்கிறது.

அடிமை முறை பத்தி அந்த காங்கிரஸ் ஒண்ணுமே பேசலையா?

பேச வைத்தார்கள். 1790 பிப்ரவரியில் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினரின் மனுக்களும், பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராக பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கையெழுத்திட்ட மனுவும் வந்தன. இரண்டு மாதத்தில் அவர் இறந்துவிட்டார். ஜார்ஜியா, தென் கரோலினா உறுப்பினர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். மார்ச்சில் 29-க்கு 25 என்ற வாக்கில், 1808 வரை அடிமைகள் இறக்குமதியைத் தடுக்கவோ, மாநிலங்களுக்குள் அடிமைகள் விடுதலையில் தலையிடவோ காங்கிரஸுக்கு அதிகாரமில்லை என்று சபைக் குறிப்பேட்டில் பதிவானது.

இதை உறுப்பினர் எண்ணிக்கையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இடங்களைக் கணக்கிடும்போது அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கு மக்கள்தொகையில் சேரும். அவர்களுக்கு வாக்கு கிடையாது. 1790 கணக்கெடுப்பில் வர்ஜீனியாவின் சுதந்திர மக்கள் சுமார் 4,55,000, பென்சில்வேனியாவில் சுமார் 4,31,000. கிட்டத்தட்ட சமம். ஆனால் வர்ஜீனியாவின் 2,92,000-க்கு மேற்பட்ட அடிமைகளைக் கணக்கில் சேர்த்ததும் அதற்கு 19 இடங்கள், பென்சில்வேனியாவுக்கு 13. மேலே சொன்ன 33,000-ஆல் நீங்களே வகுத்துப் பாருங்கள்: அடிமைகளைச் சேர்க்காமல் இருந்திருந்தால் வர்ஜீனியாவுக்கும் 13 இடங்கள்தான் கிடைத்திருக்கும். யாரை விலங்கிட்டு வைத்திருந்தார்களோ, அவர்களுடைய தலைகளை எண்ணியே அவர்களுக்கு எதிராக வாக்களிக்க ஆறு பேர் கூடுதலாக வந்தார்கள்.